முழுப்பையும் முழங்கையும்

அடுமனைத் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, அன்போடு என்னைப் பேச அழைத்து, அழைத்த அதே மூச்சில் "சீக்கிரம் முடிச்சிடும்மா" என்று காதோரம் சொல்லிய மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! அடுப்பின் அனலை அன்றாடம் அணைத்துக்கொள்ளும் அண்ணன்மார்களே! மாவைப் பிசைந்து, மாவோடு மல்லுக்கட்டி, மாவையும் மனத்தையும் ஒருங்கே பதப்படுத்திய மூத்தோர்களே! முன்வரிசையில் முகம் மலர அமர்ந்து, பின்வரிசையில் பிள்ளைகளை ஓடவிட்டிருக்கும் தாய்மார்களே! பெட்டி மடிப்போரே! வண்டி ஓட்டுவோரே! பேச்சு முடிந்ததும் என்ன கொடுப்பார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணியமிக்க கடைசி வரிசையே! உங்கள் எல்லோருக்கும் தலை தாழ்ந்த என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் உழைப்பைப் பற்றிப் பேசினார்கள். உயர்வைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் உலக அமைதியைப் பற்றியும் பேசினார். நான் பேச வந்தது அவ்வளவு பெரிய சங்கதி இல்லை. ஓர் எலும்பைப் பற்றி. இதோ, முழங்கையின் வெளிப்பக்கம், சட்டைக் கையைச் சுருட்டினால் விரலில் தட்டுப்படுமே, அந்தச் சின்ன மேட்டைப் பற்றி.

யார் அங்கே சிரிப்பது? "முழங்கையப் பத்திப் பேச என்ன இருக்கு?" என்றா கேட்கிறீர்கள்? ஐயா, உங்களுக்கு வலிக்கவில்லை, அதனால் சிரிப்பு வருகிறது. சிரியுங்கள். சிரிக்க முழங்கை தேவையில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் தேவை.

நான் கேக்கில் பூப் போடுகிறவள். கல்லூரியில் தாவரவியல் படித்தேன். அல்லி வட்டம், புல்லி வட்டம் எல்லாம் மனப்பாடம். இன்று பிழைப்பது க்ரீம் ரோஜாவில். அந்த ரோஜாவுக்குப் புல்லி வட்டமும் கிடையாது, வேரும் கிடையாது. மறுநாள் காலை வரை ஆயுளும் கிடையாது. ஆனாலும் அதைப் பார்த்ததும் ஒரு குழந்தை கைதட்டுகிறது அல்லவா? அந்தக் கைதட்டலுக்காகவே பாதி வாழ்க்கையை அந்த மேசையில் கழித்துவிட்டேன்.

அலங்கார மேசையை அறியாத அடுப்படி அண்ணன்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஆயுதம் ஐசிங் பை. கூம்பு மாதிரி இருக்கும், நுனியில் ஓர் உலோக மூக்கு. உள்ளே க்ரீமை நிரப்பி, வாயை முறுக்கி, ஒரு கையால் பிழிய வேண்டும். பிழிந்தால் பூ. பிழியாவிட்டால் பை.

அந்தப் பையில்தான் எங்கள் மானமும் இருக்கிறது. நம் கடைகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டே, மறுப்பீர்களா? கைதேர்ந்தவர் என்றால் முழுப்பை. கழுத்து வரை நிரப்பிய பை. அதைக் கீழே வைக்காமல், நடுவில் நிரப்பாமல், ஒரே மூச்சில் கேக்கை முடிக்க வேண்டும். பாதி நிரப்பிப் பாதியில் போய் மறுபடி நிரப்பிக்கொண்டு வருகிறவருக்கு ஒரு பட்டம் உண்டு: அரைப்பை. நேற்றுச் சேர்ந்தவர்களுக்கு அது மன்னிக்கப்படும். முந்தாநாள் சேர்ந்தவர்களுக்கு மன்னிப்பு இல்லை. இது போதாதென்று க்ரீமும் குளிர்ந்து, இறுகி, சிமெண்டுக்குச் சித்தப்பா மாதிரி இருக்க வேண்டும். அப்போதுதான் இதழ் தலை சாயாமல் நிற்குமாம். நிறைமாதப் பையைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வருகிறவர்களின் நடையைப் பாருங்கள். படையெடுத்துப் போகிற நடை.

எனக்கு அடுத்த இடத்தில் ஒருத்தி. பெயர் சொன்னால் கோபிப்பாள். பட்டப்பெயர் சொன்னால் சிரிப்பாள். சூறாவளி. அவள் பையைப் பிடித்தால் கேக் தானாகப் பூத்துவிடும். "அக்கா, இன்னும் முதல் ரோஜாவுலயா நிக்கறீங்க? இங்க தோட்டமே முடிஞ்சு போச்சு!" என்பாள். அவளுக்கு ஈடுகொடுக்க நானும் பிழிந்தேன். பிழிந்தேன், பிழிந்தேன், பிழிந்துகொண்டே இருந்தேன்.

ஒரு நாள் காலை. வீட்டுக்காரருக்குத் தேநீர் கொண்டுபோனேன். கோப்பையைத் தூக்கி நீட்டியதும் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு மின்னல். கோப்பை போயிற்று. தேநீர் அவர் சட்டையில். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"கோவம்னா வாயால சொல்லு. சட்டையில எதுக்கு ஊத்தற?"

அதன்பின் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. குழாயைத் திருகினால் வலி. துணியைப் பிழிந்தால் வலி. கதவின் குமிழைத் திருப்பினால் வலி. வாடிக்கையாளர் மகிழ்ந்துபோய்க் கை குலுக்கினால் உயிரே போகிற வலி. பாராட்டுக்குப் பயந்து ஓடிய ஒரே கலைஞர் நானாகத்தான் இருப்பேன்.

டாக்டரிடம் போனோம். மேட்டை அழுத்தினார். நான் அலறினேன். "டென்னிஸ் எல்போ" என்றார். வீட்டுக்காரர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார், நான் ரகசியமாக எங்கோ பந்தாடிவிட்டு வருகிற மாதிரி. டாக்டர் சிரித்தார். "சார், டென்னிஸ் ஆடறவங்களவிட பெயிண்ட் அடிக்கறவங்க, குழாய் வேலை பாக்கறவங்க, துணி பிழியறவங்கதான் எங்கிட்ட நிறைய வர்றாங்க. பேரை மட்டும் மட்டை வச்சிருக்கறவங்க எடுத்துக்கிட்டாங்க." வலி மாத்திரை எழுதினார். கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார்.

ஓய்வு! அந்த ஒரு சொல்லை என் வீட்டுக்காரர் சட்டமாகவே ஆக்கிவிட்டார். என் பழைய துப்பட்டாவால் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டார். பேனா எடுத்தால் "வை கீழ." தலை வாரினால் "வை கீழ." கை ஒரு கண்ணாடிப் பாத்திரமாகி, நான் அதைச் சுமக்கும் அலமாரியாகிவிட்டேன். கட்டை அவிழ்த்தபோது வலி குறைந்திருந்தது. கூடவே வலுவும் குறைந்திருந்தது. வேலைக்குத் திரும்பிய வாரமே வலி வந்துவிட்டது. வலு வரவில்லை.

அடுத்து ஓர் ஊசி போட்டுக்கொண்டேன். ஆகா! என்ன ஊசி! இரண்டு நாளில் வலி போன இடம் தெரியவில்லை. துள்ளினேன். தண்ணீர் கேனை ஒரு கையால் தூக்கி வீட்டுக்காரருக்குக் காட்டினேன். கடையில் முழுப்பைக்கு மேலும் ஒரு கரண்டி க்ரீம் வைத்தேன். சில வாரங்கள் போயின. போன வலி திரும்பி வந்தது. தனியாக வரவில்லை, சொந்தபந்தங்களைக் கூட்டிக்கொண்டு வந்தது. அதன்பின் இருக்கவே இருக்கிறது தைலம். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, ஆசைக்கு ஒரு தடவை.

அப்போதுதான் முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷி. நல்லவர்கள் சொல்லும்போதுதான் அதிகம் வலிக்கிறது.

"சீசன் ஆரம்பிக்குது. கை முடியலன்னா சொல்லிடு. பெட்டி மேசையில உக்காரு. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

பெட்டி மடிக்கும் சகோதரிகளே, முறைக்காதீர்கள்! உங்கள் பெட்டி இல்லாவிட்டால் எங்கள் பூ தெருமுனை தாண்டாது. ஆனால் அன்று மாலை பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் யோசித்தது வேறு. மற்றவர்கள் "பூப் போடறவங்க" என்று என்னைச் சொல்கிறார்களே, அந்தப் பூவை எடுத்துவிட்டால் அங்கே நிற்பது யார்? தெரிந்துகொள்ளவே பயமாக இருந்தது. அந்த மேசையை இழக்க நான் தயாராக இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். சின்னப் பெண். எங்கே வலிக்கிறது என்று எல்லோரும் கேட்டார்கள். அவள் ஒருத்திதான், "நீங்க எப்படி வேலை செய்யறீங்க?" என்று கேட்டாள். காற்றில் பிழிந்து காட்டினேன். "புரியல. அடுத்த தடவை அதையெல்லாம் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

போனேன். முழுப்பையோடு போனேன்! மருந்துக்கடை வாடை வீசும் அறை. படுக்கையில் பிளாஸ்டிக் விரிப்பு. ஓர் எஃகுத் தட்டைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் ரோஜாவாகப் போட்டுத் தள்ளினேன். வெளியே காத்திருந்த மூட்டுவலிப் பெரியவர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். "இங்க யாருக்கும்மா பிறந்தநாள்?" என்றார்.

அந்தப் பெண் ரோஜாவைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டையே பார்த்தாள்.

"அக்கா, இந்தப் பை உங்க கைக்குள்ள அடங்குதா?"

"அடங்காதும்மா. முழுப்பை."

"அப்ப நீங்க பையப் பிடிக்கல. பைதான் உங்களப் பிடிச்சிருக்கு."

பிறகு சொன்னாள். சபையோரே, இதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். "விரல் எதையாவது இறுக்கிப் பிடிக்கணும்னா மணிக்கட்டு ஆடாம நிக்கணும். அத நிறுத்தற தசையெல்லாம் மேல போய் இந்த மேட்டுலதான் கட்டியிருக்கு. துணி காயப்போடற கொடிக்கயிறு மாதிரி. துணியெல்லாம் நனைஞ்சு கனத்துப்போச்சுன்னா எது ஆடும்? ஆணி ஆடும். ஆணி கத்துது. நீங்க ஆணிக்குத் தைலம் தடவறீங்க."

"தைலம் தப்பாம்மா?"

"தப்பில்ல. தோலுக்குச் சந்தோஷமா இருக்கும். கயிறு அப்படியேதான் இருக்கும்."

ஊசியைப் பற்றிக் கேட்டேன். "கொஞ்ச வாரம் சுகமா இருக்கும். ஆனா ஊசி போட்ட பல பேருக்கு, போடாதவங்களவிட இழுத்துக்கிட்டுப் போகுது" என்றாள். கட்டித் தொங்கவிட்ட கதையைச் சொன்னேன். "சும்மா தொங்கற கயிறு உறுதியாகுமா? முழு ஓய்வும் வேண்டாம், முழு வீரமும் வேண்டாம்" என்றாள்.

அவள் சொன்ன வைத்தியம் என்ன? பாத்திரத்தையோ பையையோ தூக்கும்போது உள்ளங்கை மேல்நோக்கி இருக்கட்டும். முழங்கை உடம்போடு ஒட்டி, மடங்கி இருக்கட்டும். முழங்கைக்குப் பட்டை கட்டுவதானால் மேட்டின் மேல் கட்டாதே. இரண்டு விரல் தள்ளி, கீழே, சதைமேல் கட்டு. அப்புறம் பயிற்சி: முன்கையை மேசைமேல் வைத்து, கையை விளிம்புக்கு வெளியே நீட்டு, உள்ளங்கை தரையைப் பார்க்கட்டும். தண்ணீர் பாட்டிலைப் பிடி. மறுகையால் மேலே தூக்கிவிடு. பிறகு மெல்ல, மெல்ல, மெல்லக் கீழே இறக்கு. இலேசாக வலித்தால் பயப்படாதே. சுளீரென்றால் நிறுத்து, எடையைக் குறை. இது மந்திரம் இல்லை; மாதக்கணக்கு ஆகும். பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டுக்குள் சரியாகிவிடும். விரல் மரத்துப்போனாலோ, மூட்டு வீங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ அது வேறு கதை, டாக்டரிடம் ஓடு. கை வலியோடு நெஞ்சும் வலித்தால் பயிற்சி பார்த்துக்கொண்டு நிற்காதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ.

கடைசியாக ஒன்று சொன்னாள். அதுதான் தலையில் இடியாக விழுந்தது. "க்ரீமக் கொஞ்சம் வெளிய வச்சு இளக்குங்க. பையில பாதிதான் நிரப்பணும்."

பாதி! அரைப்பை! என்னைப் பார்த்து! "அம்மாடி, எடைய வேணா கூட்டு, ஊசிய வேணா குத்து, அத மட்டும் சொல்லாத" என்றேன். "சரி, முழுப்பையே பிடிங்க. ஆனா எத்தன நாளைக்கு?" என்றாள்.

வீட்டில் பயிற்சி தொடங்கியது. பாட்டில் மெல்ல இறங்கும். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்காரர் கன்னத்தில் கை வைத்துப் பார்ப்பார். "இவ்வளவு பொறுமையா நீ என்னத் திட்டியிருந்தா நான் எப்பவோ திருந்தியிருப்பேன்" என்பார்.

கடையில் அரைப்பையோடு மேசைக்கு வந்தேன். சூறாவளி என் பையை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னக்கா, பை இளைச்சுப் போச்சு? பத்தியமா?"

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தபடியே பூப் போட்டேன், சிரித்தபடியே எழுந்துபோய் நிரப்பினேன். முதலாளியம்மா கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாலையில் வந்து, "திங்கக்கிழமையிலருந்து பெட்டி மேசைக்கு வந்துடும்மா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

திங்கட்கிழமையும் வந்தது. நான் பெட்டி மேசைக்கு நடக்கிறேன். அதே நேரம் கடை வாசலில் ஒரு வாடிக்கையாளர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கையில் காலிப் பெட்டி.

"கேக் பிரமாதம். ஒரே ஒரு சந்தேகம். சாப்பிட்டதும் எனக்கு ரொம்ப நாளா இருந்த மூக்கடைப்பு விட்டுப்போச்சு. க்ரீம்ல என்ன மருந்து போடறீங்க?"

முதலாளியம்மாவின் முகம் பார்க்க வேண்டுமே! தலைமையாசிரியர் விடவில்லை. "இன்னொண்ணு குடுங்க. வீட்டம்மாவுக்கும் சளி."

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. முதலாளியம்மா உள்ளே வந்த வேகத்தில் மாவு பறந்தது. "யாரு தைலத்தோட கேக்குல கை வெக்கறது?" எல்லாக் கண்களும் என்மேல் திரும்பின. திரும்பாதா? முழங்கை வலிக்காரி என்று பெயர் வாங்கியவள் நான்தானே!

"எல்லாரும் கையச் சுருட்டுங்க. வரிசையா நில்லுங்க."

நின்றோம். சபையோரே, கற்பனை செய்து பாருங்கள். வெள்ளைத் தொப்பியும் வெள்ளை மேலங்கியும் போட்ட பெண்கள் வரிசையாக முழங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறோம். முதலாளியம்மா குனிந்து குனிந்து மோந்து பார்க்கிறார். முதலில் என் முழங்கை. மோந்தார். நிமிர்ந்தார். நம்பாமல் மறுபடி மோந்தார்.

"சோப்பு வாசனைதான் வருது!"

நான்தான் தைலத்தை விட்டுவிட்டேனே! அடுத்தது சூறாவளி. முதலாளியம்மா குனிந்தார். தும்மினார். தோட்டத்தையே ஒரே மூச்சில் முடிக்கும் அந்தக் கையில் இரண்டு சுற்றுப் பட்டை. அதுவும் சரியாக மேட்டின் மேலேயே இறுக்கிக் கட்டியிருந்தாள்! அதற்கு அடுத்தவளிடம் வேறு தைலம். அதற்கும் அடுத்தவளிடம் இரண்டும் கலந்தது. வரிசை முடிந்தபோது முதலாளியம்மாவின் கண்களில் தண்ணீர். அது பரிவா, தைலமா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

"எப்போலருந்து?" என்றார் சூறாவளியிடம்.

"போன சீசன்லருந்தும்மா."

"சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"சொன்னா அரைப்பைன்னு கேலி பண்ணுவாங்கம்மா."

"யாருடி பண்ணுவா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தாம்மா பண்ணுவேன்."

முதலாளியம்மா மேசையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "இத்தன பேரையும் பெட்டி மேசைக்கு அனுப்பிட்டா, பெட்டிக்குள்ள என்னத்த வெக்கறது?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உன் கை மட்டும் எப்படி? வாயத் திறந்து சொல்லு" என்றார்.

சொன்னேன். கொடிக்கயிற்றையும் ஆணியையும் சொன்னேன். பாட்டிலையும் பட்டையையும் சொன்னேன். அரைப்பையைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அவர் யோசித்தார். "சரி. இந்த சீசன் எல்லாருக்கும் அரைப்பை. கேக் ஏத்திட்டுப் போற ஒரு வண்டி தாமதமாச்சோ, பழையபடி முழுப்பைதான். உனக்குப் பெட்டி மேசைதான்."

ஒரு வண்டியும் தாமதமாகவில்லை. நிரப்பப் போன நேரத்தை, வலி குறைந்த கை திருப்பித் தந்துவிட்டது. கை நடுங்கி வீணாகும் பூக்கள் குறைந்தன. இதழ் சில நாள் கொஞ்சம் சாய்ந்தது; நிஜ ரோஜாவும் சாயத்தானே செய்கிறது? தலைமையாசிரியர் மட்டும் திரும்பி வந்து, "மருந்த நிறுத்திட்டீங்களா?" என்று ஏமாந்து போனார். என் வலி ஒரே நாளில் போகவில்லை. போய், வந்து, முறைத்து, முனகி, மாதங்கள் கழித்துத்தான் விலகியது. ஆனால் நான் இன்றும் அந்த மேசையில்தான் நிற்கிறேன். எனக்கு அடுத்த இடத்தில் சூறாவளி நிற்கிறாள். இப்போது அவளைத் தென்றல் என்று கூப்பிட்டுப் பார்த்தோம், அடிக்க வருகிறாள்.

இதையெல்லாம் ஏன் இங்கே வந்து சொல்கிறேன்? இன்னும் சற்று நேரத்தில் நம் சங்கத்தின் அலங்காரப் போட்டி. அதன் முதல் விதி என்ன? ஒரே பை, இடையில் நிரப்பக் கூடாது. எங்கள் கடையில் எழுதாத சட்டம் இங்கே எழுதிய சட்டமாக இருக்கிறது. அதை எழுதியவர் நம் தலைவர். ஒரே பையில் மூன்றடுக்குக் கேக்கை முடித்த மாவீரர். அவர் கையைக் கண்டு தொழில் கற்றவர்கள் இந்த அரங்கில் பாதிப்பேர்.

தலைவர் அவர்களே, பணிவோடு கேட்கிறேன். பூவைப் பார்த்த எந்தக் குழந்தையாவது பை எத்தனை முறை நிரம்பியது என்று கேட்டதுண்டா? கேக்கை வெட்டிய எந்தக் கையாவது, பிழிந்த கை வலித்ததா என்று விசாரித்ததுண்டா? வலித்தால்தான் வித்தையா? மறைத்தால்தான் மானமா? நோயைச் சொன்னால் சிறுமையா, நொந்து போனால்தான் பெருமையா? பையை நிரப்ப எழுந்து போகிறவள் தோற்றவள் இல்லை ஐயா, நாளையும் பூப் போட வருகிறவள்! நாளை மறுநாளும் வருகிறவள்! முழுப்பை வேண்டியவர் முழுப்பை பிடிக்கட்டும். அரைப்பை பிடிப்பவரும் அதே மேசையில் நிற்கட்டும். அந்த ஒரு விதியை இன்றே, இப்போதே, இந்தப் போட்டிக்கு முன்பே எடுத்துவிடுங்கள்!

சம்மதம் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். முன்வரிசை... அடுப்படி... பெட்டி மேசை... அதோ சூறாவளி, இரண்டு கையையும் தூக்குகிறாள், ஒன்று போதும்மா! கடைசி வரிசையும் கதவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டது!

தலைவர் எழுந்துவிட்டார். சிரிக்கிறார். சம்மதம் என்று தலையசைக்கிறார்! அப்படியானால் கை கொடுங்கள் ஐயா, இத்தனை பேர் சாட்சி... இது இடது கை ஆயிற்றே? சபையோரே, சத்தம் போடாதீர்கள், மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. என்ன ஐயா? சொல்லுங்கள், நான் இவர்களுக்குச் சொல்கிறேன். "வலது கையக் குடுத்தா உயிர் போகுதும்மா, போன வருஷத்துலருந்து" என்கிறார்!

கைதட்டுங்கள்! நன்றாகத் தட்டுங்கள்! முப்பது பேர் முன்னால் மூன்றடுக்கை முடித்துக் காட்டுவதைவிட, முந்நூறு பேர் முன்னால் இதைச் சொல்வதற்குத்தான் துணிவு வேண்டும். ஐயா, கவலைப்படாதீர்கள், பட்டை எங்கே கட்டுவது என்று கீழே இறங்கியதும் காட்டுகிறேன். இப்போதைக்கு இந்த இடது கையே எங்களுக்குப் போதும். விதி போயிற்று.

சீக்கிரம் முடிக்கச் சொல்லியும் முடிக்காத என்னைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், சிரித்துச் சிரித்தே என்னைத் தேற்றிய சபைக்கும், ஓடி விளையாடியும் ஒருமுறைகூட ஒலிவாங்கியைத் தள்ளிவிடாத பிள்ளைகளுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. போட்டியாளர்களே, மேசைக்கு வாருங்கள். க்ரீமை முன்கூட்டியே வெளியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுத்தான் மேடை ஏறினேன். இளகியிருக்கும். வணக்கம்!